அரை நாளில் இன்கா, அதில் பாதி கடை

முதல்லயே சொல்லிடறேன், இது பயணக் கட்டுரை இல்லைங்க. புலம்பல். பெருவில் குஸ்கோ பக்கம் போகத் திட்டம் போட்டிருக்கிற நம்ம மக்கள் யாராவது இதைப் படிச்சிட்டு, அந்த "அரை நாள் இடிபாடுகள் ப்ளஸ் பாரம்பரியச் சந்தை" டூரை ரத்து செஞ்சா எனக்குச் சந்தோஷம்.

நாங்க போனது 2023 ஆகஸ்ட். அஞ்சு வருஷ ஆர்.டி. முதிர்ந்த பணம். (எல்.டி.சி.யில போனியான்னு ஆபீஸ்ல கேட்காத ஆள் இல்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு அந்த வரிவிலக்கு கிடையாதுன்னு 2022 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு சாமி!) நாக்பூர்லேருந்து மும்பை போய் ஒரு குழுவோட ஒட்டிக்கிட்டோம். ரெண்டாம் நாள் மதியம் பிசாக். குஸ்கோவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

பி.காம். படிச்ச புத்தி சும்மா இருக்குமா? கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு எழுதினேன். மொத்தம் 300 நிமிஷம். ஹோட்டல் ஹோட்டலா ஆள் பொறுக்கினது, போக வர வழி எல்லாம் சேர்த்து 130. மலை முனையில போட்டோ 15. லாமாவுக்குப் புல் கொடுத்துட்டு ஸ்வெட்டர் கடைக்குள்ள தள்ளிவிட்டது 40. வெள்ளி நகைப் பட்டறை 30. சந்தை 40. மிச்சம் 45 நிமிஷம்தான் இன்காக்களுக்கு. கடைகளுக்கு 110, இடிபாட்டுக்கு 45. இந்தக் கணக்கோட எங்க கிளைக்கு யாராவது கடன் கேட்டு வந்தா டீ கொடுத்து அனுப்பிடுவேன்.

அந்த 45 நிமிஷத்துல கைடு சொன்னதில் ஒரு வரி, "இன்காக்களுக்கு எழுத்து கிடையாது." அவ்வளவுதான், அடுத்த இடம். எனக்கு வயிறு எரிஞ்சுது. ஏங்க, கிப்பு என்ன ஆச்சு? ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து தொங்கும் கயிறுகள், அதில் முடிச்சுகள். ஒன்று, பத்து, நூறுன்னு இடமதிப்புப்படி முடிச்சு போட்டிருக்காங்கன்னு லெலண்ட் லாக் என்கிற அமெரிக்கர் 1912-ல் எழுதிக் காட்டினார். சில கிப்புகளில் மற்ற கயிறுகளோட கூட்டுத்தொகை தனிக் கயிறுல இருக்கு. லெட்ஜர்ல நாம போடுற டோட்டல்தான்! படையெடுத்து வந்த ஸ்பானியர்களோட நீதிமன்றமே கிப்புக் கணக்கைச் சாட்சியமா ஏத்துக்கிட்டிருக்கு.

இன்னொரு வேடிக்கை. "இன்கா சந்தை"ன்னு போர்டு தொங்குது. அந்த இன்கா அரசுல நாணயமே கிடையாது. வரியை உழைப்பாத்தான் வாங்கினாங்க, அதுக்கு மீத்தான்னு பேர். விளைஞ்சதைக் கல் கிடங்குகளில் சேர்த்து வச்சு, பிறகு பகிர்ந்து கொடுத்தாங்க. ஜனங்களுக்குள்ள பண்டமாற்று இருந்தது, இப்பவும் இருக்கு. லாரஸ் பள்ளத்தாக்குச் சந்தைகளில் மலைமேல் ஆட்கள் உருளைக்கிழங்கு கொண்டுவந்து, கீழ்ப்பக்கத்து ஆட்களிடம் பழத்துக்கு மாத்திக்கிறாங்க. டூர் வண்டி நம்மளை விடுற வரிசையில தொங்குறது பாதிக்குப் பாதி மில்லுல நெய்த அக்ரிலிக். "பேபி அல்பாகா"ன்னு விப்பாங்க, நம்பாதீங்க.

மறுநாள் குழுவுக்கு இன்னொரு அரை நாள் டூர். நாங்க ரெண்டு பேரும் கழண்டுக்கிட்டோம். புபுதித் தெருவுல பிசாக் போற வேன் நிக்கும், சில சோல்கள்தான். ஊரிலிருந்து டாக்சி பிடிச்சு இடிபாட்டோட மேல்வாசலுக்குப் போய் நடந்தே இறங்கினோம். சுற்றுலாச் சீட்டு ரெண்டு நாள் செல்லும் (70 சோல்), முந்தின நாள் எடுத்ததே போதும். மூணு மணி நேரம். அந்த மலைப்படிகளை நின்னு பாருங்க, ஒவ்வொரு படியும் ஒரு வயல். கல் சுவர், உள்ளே அடியில ஜல்லி, மேல மணல், அதுக்கு மேல மண். தண்ணி தேங்காது. பகல்ல வெயில் வாங்கின கல், ராத்திரி பனியிலிருந்து பயிரைக் காக்குது. எதிர்ப் பாறைச் சரிவு முழுக்கப் பொந்து பொந்தா இருக்கு, எல்லாம் கல்லறைகள், எப்பவோ கொள்ளையடிச்சுட்டாங்க. முதல் நாள் கைடு அதைக் கைகாட்டக்கூட இல்லை.

கைடைத் திட்டிப் பிரயோஜனமில்லை, தெரியும். டூர் விலை அவ்வளவு மலிவா இருக்கக் காரணமே கடைக்காரர் தர்ற கமிஷன்தான். விலையை அடிச்சுக் கீழே இறக்குறது யாரு? நாமதான். பத்தாயிரம் மைல் பறக்கக் கடன் வாங்குவோம், கைடு கூலியில நூறு ரூபாய் குறைப்போம். வயசானவங்களுக்கு அரை நாள்தான் முடியும்பாங்க. சரி, குஸ்கோ 3,400 மீட்டர், மூச்சு வாங்கும், ஒத்துக்கறேன். அப்போ கடைகளை வெட்டுங்க, இடிபாட்டை ஏன் வெட்டறீங்க?

சந்தை மட்டமில்லைங்க. காய்கறிப் பக்கம் போங்க. பழம் வாங்கிட்டு "யாபா"ன்னு கேட்டா ரெண்டு சேர்த்துப் போடுவாங்க. நம்ம கொசுறேதான்! தங்கமணிக்கு அந்த ஒரு கெச்சுவா வார்த்தை போதும், ஊரையே வாங்கிடுவா.

இப்போ வெக்கக்கேடு ஒண்ணு. முதல் நாள் அந்த 40 நிமிஷச் சந்தையில, இடுப்புத் தறியில நெய்துக்கிட்டே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. கைநெசவுத் தோள்துணி, பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம், 350 சோல்னாங்க. அப்போ ஒரு சோல் ஏறத்தாழ 22 ரூபாய். சீதாபுல்டியில பழகின வாய், ரங்கநாதன் தெருவுல வளர்ந்த வாய். வண்டிக்காரர் ஹாரன் அடிக்க அடிக்க 180-க்கு முடிச்சேன். குழுவுல கைதட்டல் வேற. பஸ்ஸுல கைடுகிட்ட கேட்டேன், நெய்ய எவ்வளவு நாள் ஆகும்னு. "ஒரு மாசம் ஆகியிருக்கும்"னார்.

மறுநாள் தேடினோம். அந்த இடத்துல வேற யாரோ தொப்பி வித்துக்கிட்டிருந்தாங்க.

துணி இப்போ எங்க வீட்டு ஹால் சோபாமேல கிடக்கு. வர்றவங்க விலை கேட்டா, தங்கமணி 350 சோல்னுதான் சொல்றா. நான் வாயைத் திறக்கறதில்லை.