தோல்வியை ஏற்கும் கட்சிகள்

தேர்தல் நடந்தால் மட்டும் ஜனநாயகம் வளர்ந்துவிடாது. தோல்வியை ஏற்கும் கட்சிகளும் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானாவைப் பார்ப்போம். 1992இல் ஜனாதிபதித் தேர்தலில் முறைகேடு நடந்ததெனக் கூறி, எதிர்க்கட்சிகள் பாராளுமன்றத் தேர்தலைப் பகிஷ்கரித்தன. 1994இல் கட்சிகளும் தேர்தல் ஆணைக்குழுவும் கூடிப் பேச ஓர் ஆலோசனைக் குழு அமைந்தது. உள்ளே இருப்பது தெரியும் வாக்குப்பெட்டிகள் வந்தன. கட்சி முகவர்களின் கண்முன்னே வாக்குகள் எண்ணப்பட்டன. 2008இல் ஆளுங்கட்சி வேட்பாளர் ஏறத்தாழ 40,000 வாக்குகளால் தோற்றார். ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 2012இல் தோற்ற கட்சி நீதிமன்றம் சென்றது. 2013இல் வந்த பாதகமான தீர்ப்பையும் ஏற்றது.

ஆயினும், வென்ற கட்சிக்காரருக்கே வேலையும் ஒப்பந்தமும் என்ற குறை அங்கும் உண்டு. ஆகவே வாக்களிப்பதோடு மக்களின் கடமை முடிவதில்லை. தமது கட்சியிடமே கணக்குக் கேட்கும் மக்கள் உள்ள இடத்தில்தான் ஜனநாயகம் வேரூன்றும் என்பதே நமது கருத்து.