பயிற்சியா, மலிவுக் கூலியா?

குழித்துறை வட்டாரத்தில் முந்திரி ஆலையில் தோலுரிக்கும் தாயும் ரப்பர் பால் வெட்டும் தகப்பனும் அரை வயிறு உண்டு மகனைப் பட்டதாரியாக்குகிறார்கள். பாங்கு அவனுக்குத் தருவதென்ன? ‘பயிற்சி’!

2023-ல் ஸ்டேட் பாங்கு 6,160 பயிற்சியாளர்களுக்கு விளம்பரம் செய்தது. ஓராண்டு, மாதம் ரூ.15,000, பிறகு வேலைக்கு உத்தரவாதமில்லை. 1961-ம் வருடப் பயிற்சியாளர் சட்டத்தின் 18-வது பிரிவோ, அவன் தொழிலாளியே அல்ல என்கிறது!

தொழில் கற்பிப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஓராண்டு முடிந்ததும் இவனை அனுப்பிவிட்டு, அதே மேசையில் அடுத்தவனை அமர்த்தினால் அதற்குப் பெயர் பயிற்சியா?

1955-ல் இம்பீரியல் பாங்கைச் சர்க்கார் எடுத்து ஸ்டேட் பாங்காக்கியது யாருக்காக? மக்களுக்காக அல்லவா? பயிற்சி முடித்தவனுக்கு நிரந்தர வேலை கொடு என்கிறோம் நாம். தோழர்களே, ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் இக்குரல் எழட்டும்!