நான் அப்புறம் சாப்பிடுகிறேன்

"எதற்கெடுத்தாலும் அம்மா எரிந்து விழுகிறாள்" என்று பிள்ளைகள் குறைப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். அன்று அம்மா என்ன சாப்பிட்டாள் என்று யாராவது விசாரித்தார்களோ?

1944-ல் அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்ற நிபுணர் ஒரு பரிசோதனை தொடங்கினார். திடகாத்திரமான வாலிபர்கள் 36 பேர், தாங்களாகவே முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. உடம்பு இளைத்ததில் ஆச்சரியமில்லை. மனசு என்ன ஆயிற்று என்பதுதான் விசேஷம். சாதுவான பிள்ளைகள் சிடுமூஞ்சிகளானார்கள். சிரிப்பு போயிற்று, சோர்வும் துக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டன. சிலர் சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்களாம், பாவம்!

இத்தனைக்கும் அவர்கள் அருகில் பசித்து அழும் குழந்தை இல்லை. பரிசோதனை என்று முடியும் என்பதும் தெரியும். மாசக் கடைசியில் அரிசி டின்னைத் தட்டிப் பார்க்கும் தாய்க்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. "நான் அப்புறம் சாப்பிடுகிறேன்" என்று பானையை வழித்துக் குழந்தைகளுக்குப் போட்டுவிடுகிறாள். நாளைக்கு என்ன செய்வது என்ற விசாரத்தில் ராத்திரித் தூக்கம் போகிறது. விடிந்ததும், ஒன்றுமில்லாததற்குக் குழந்தையின் முதுகில் ஓர் அடி. அப்புறம் சமையலறை மூலையில் அவளே அழுகை.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு ஆரம்பப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்தது. குழந்தையின் வயிறு நிறைவதைத்தான் கணக்கெடுக்கிறோம். தாயின் நெஞ்சிலிருந்து இறங்கும் பாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாள் நாலு நாளாக முகங்கொடுத்துப் பேசவில்லையென்றால், "சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். "ஆச்சும்மா" என்பாள். நம்பாதீர்கள்; தட்டை எடுத்து வையுங்கள்.