மணல், ஓலை, புள்ளி

1823 ஆகஸ்ட் மாதம் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் சென்னைக்கு நீண்ட அறிக்கை ஒன்றை அனுப்பினார். மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள், யார் யார் படிக்கிறார்கள் என்று கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா ஜில்லாக்களிலும் கணக்குக் கேட்டிருந்தார். 1826-இல் மொத்தக் கணக்கு வந்தபோது 12,498 பள்ளிகள் தேறின. கேம்ப்பெல் அட்டவணையோடு நிற்கவில்லை. பிள்ளைகள் எழுத்தை எப்படிக் கற்கிறார்கள் என்று பார்த்து எழுதினார்.

பையனுக்கு ஐந்து வயதானால் வாத்தியாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அழைப்பார்கள். பிள்ளையார் முன் உட்காரவைத்து, விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பார்கள். அதன்பிறகு பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகள் இந்தக் கணக்கில் அநேகமாக இல்லை. அவர் கவனித்த முக்கியமான விஷயம் வேறு: ஐரோப்பாவில் குழந்தை எழுத்துகளை வாயால் சொல்லிப் படிக்கிறது, இங்கே மணலில் விரலால் எழுதிப் படிக்கிறது. மூத்த பையன்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அவர் மெச்சினார். இங்கிலாந்து இதைக் காப்பியடித்தது சரிதான் என்றும் எழுதினார்.

காப்பியடித்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789 முதல் எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பாளர். ஒருநாள் குதிரையில் போகும்போது, தரையில் உட்கார்ந்து மணலில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். சம்பள வாத்தியார்கள் இணங்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார், வேலை நடந்தது. 1797-இல் லண்டனில் அவர் இதைச் சிறுநூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது ஆயிரக்கணக்கான இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போயிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். மணல் தட்டும் சட்டாம்பிள்ளையும் கப்பல் ஏறிய இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேம்ப்பெல் அதே அறிக்கையில் வைத்த குறையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அர்த்தமே தெரியாத செய்யுள்களைப் பிள்ளைகள் வருடக்கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள், படிக்க வந்தாலும் பொருள் புரிவதில்லை என்றார் அவர்.

பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் பேசும் சீமை. ஆனால் தமிழ்த் திண்ணைப் பள்ளியிலும் இதே மனப்பாடம்தான். அதை வாத்தியாரின் மூடத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அவ்வளவு சட்டென்று சொல்லமாட்டார்கள்.

ஓலையில் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று விதித்திருந்தாலும், ஏடு எழுதுபவர் அதை விட்டுவிடுவார். ஆகவே 'க'வும் 'க்'கும் ஒரே உருவம். எரிக்கும் ஏரிக்கும் வித்தியாசம் தெரியாது. கொம்பும் காலும் போட்டு எழுதியிருப்பது கொடுவா, கோடா? அதுவும் போதாதென்று காலும் 'ர'வும் ஒன்றுபோலவே இருக்கும். இதை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்து எந்த ஆறு வயதுக் குழந்தையும் சொல்லுக்குப் போய்ச் சேர முடியாது. பாட்டு ஏற்கெனவே வாயில் இருந்தால்தான் கண் ஏட்டில் நடக்கும். முதலில் மனப்பாடம், பிறகு வாசிப்பு என்ற வரிசையை அன்றைய வாத்தியார் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளவில்லை, ஓலை அவர் மேல் சுமத்தியது. (இத்தனைக்கும் நடுவில் தமிழ் படித்தவர்கள் இருந்தார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.)

பிறகு நிலைமை மாறியது, கொஞ்சம் கொஞ்சமாக. 18-ஆம் நூற்றாண்டில் குறில் எகர ஒகரத்தையும் நெடிலையும் உருவத்தாலேயே பிரித்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். ஈய எழுத்தில் புள்ளி வைக்கச் செலவில்லை, கிழியவும் ஒன்றுமில்லை. அச்சுப் புத்தகம் பரவப் பரவப் புள்ளி நிலைத்தது. இன்று 'அரிச்சுவடி தெரிந்தால் எதையும் வாசித்துவிடலாம்' என்று தமிழைப் பற்றிச் சொல்கிறோமே, அது ஏட்டுக்காலத்தில் உண்மையில்லை. அதற்கு அதிகபட்சம் இருநூறு, முந்நூறு வருட வயது.

குழந்தை எந்த வயதில் எழுத்தொலி கற்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பழங்கதையிலிருந்து நான் எடுத்துக்கொடுக்க விரும்புவது ஒன்றே. அந்த வயதைக் குழந்தையின் மூளை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் கையில் பெரியவர்கள் என்ன எழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

ஆங்கிலம் இதற்கு நல்ல சாட்சி. 26 எழுத்து, சுமார் 44 ஒலி. எழுத்தின் பெயருக்கும் ஒலிக்கும் பல இடங்களில் ஒட்டுறவே கிடையாது. 'டபிள்யூ' என்று வாய்நிறையச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு அந்த எழுத்து என்ன சத்தம் போடும் என்று தெரியாது. அதனால்தான் அங்கே நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகச் சண்டை. அமெரிக்காவில் 1840-களில் ஹொரேஸ் மன், எழுத்தெழுத்தாகக் கற்பிப்பதைச் சாடி முழுச் சொல்லாகக் காட்டச் சொன்னார். 1955-இல் ருடால்ஃப் ஃபிளெஷ், முழுச்சொல் முறை பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று ஒரு புத்தகம் போட்டு நாட்டையே உலுக்கினார். 1961-இல் பிரிட்டனில் ஜேம்ஸ் பிட்மன் நாற்பதுக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட புது அரிச்சுவடியையே உருவாக்கிப் பள்ளிகளில் சோதித்தார். போகப்போக அது போன சுவடு தெரியவில்லை. 2012 முதல் இங்கிலாந்தில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை உண்டு: 40 சொற்களை உரக்கப் படிக்கவேண்டும். அவற்றில் 20 சொற்களுக்கு அர்த்தமே கிடையாது, பக்கத்தில் ஒரு விநோதப் பிராணியின் படம் இருக்கும். தெரிந்த சொல்லை ஊகித்துச் சொல்லும் பிள்ளை இதில் மாட்டிக்கொள்ளும். முதல் வருடம் தேறியவர்கள் 58 சதவீதம், 2019-இல் 82. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 2003-இல் பிலிப் சீமோரும் அவர் குழுவினரும் ஆங்கிலத்தை வேறு 12 ஐரோப்பிய மொழி எழுத்துமுறைகளோடு ஒப்பிட்டபோது வந்த எண்களையும் பார்க்கவேண்டும். முதல் வருட முடிவில், ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் பழக்கமான சொற்களில் 34 சதவீதத்தைத்தான் சரியாகப் படித்தார்கள். ஃபின்லாந்துப் பிள்ளைகள் 98 சதவீதத்தை. ஸ்காட்லாந்துப் பிள்ளை ஐந்து வயதில் பள்ளிக்கு வருகிறது, ஃபின்லாந்துப் பிள்ளை ஏழு வயதில். வயது வித்தியாசம் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். ஆனால் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று ஃபின்னிய மொழி எழுதப்படுவதை ஒதுக்கிவிட்டு இந்த எண்களுக்கு விளக்கம் சொல்ல முடியாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஃபோனிக்ஸ் வகுப்பு என்று தெருவுக்கு ஒரு பலகை. மூன்றரை வயது. எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று ஆறு எழுத்தின் ஒலியை முதலில் எடுப்பார்கள், அவற்றை வைத்து நிறையச் சின்னச் சொற்கள் கூட்டலாம் என்பதால். நல்ல யோசனைதான். ஆனால் ஆங்கில எழுத்து போட்ட முடிச்சை அவிழ்க்கக் கண்டுபிடித்த வைத்தியம் அது. அதே கண்ணோடு தமிழைப் பார்த்து, இதற்கு வைத்தியமே வேண்டாம், எழுத்தின் பெயரே ஒலிதானே என்று பெற்றோரும் பள்ளியும் அலட்சியமாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "ப... ட... இம்... படம்." மெய்யெழுத்தை இக், இங், இச் என்று நாம்தான் பழக்கினோம்; படத்தில் இகரம் எங்கே இருக்கிறது? அந்த 'இ'யை அது தானே கழற்றிப் போட்டுவிட்டுச் சொல்லைச் சேர்க்கிறது. பிறகு 'கொ' வருகிறது. கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். வாயில் வருவதோ முதலில் க், அப்புறம் ஒ. பிறகு உகர வரிசை. கு, சு, டு, து, ரு: ஒரே ஒலிக்கு எத்தனை விதமான சுழிப்பு! கூவுக்கும் தூவுக்கும் வேறு. க என்ற ஒரே எழுத்து கல்லில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கும். ஃபின்னிய எழுத்தைப் போல ஒரு வருடத்தில் முடிகிற காரியமில்லை இது. கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007-இல் எழுதியதும் இதுதான்: இப்படி உயிர்மெய்யாக அமைந்த எழுத்துகள் முழுதாகப் பிடிபட மூன்றாம், நான்காம் வகுப்பு வரைகூட ஆகும். அதை மந்தம் என்று எண்ணி டியூஷனுக்கு அனுப்புவது அநியாயம்.

தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியபோது எட்டு வயதை எல்லையாக வைத்தது. அந்த நிதானம் சரியானது. ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் படிக்கலாம் என்ற வழியில் தொடங்குவதும் சரி. ஆனால் வீட்டில் விஜயதசமி முடிந்த கையோடு 247-ஐயும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்கிறோம். அதில் 'ஙௌ'வும் உண்டு, எந்தச் சொல்லிலும் வராத எழுத்து.

எழுத்தின் பாரத்தைக் குறைக்க முயன்றவர்கள் இருந்தார்கள். பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் ணா, றா, னா, ணை, லை போன்றவற்றை இன்றைய வடிவில் அச்சிடத் தொடங்கினார். 43 வருடம் கழித்து, 1978-இல், அரசு அதை ஏற்றது. வா.செ. குழந்தைசாமி இகர, ஈகர, உகர, ஊகர வரிசைகளையும், அதாவது 72 எழுத்துகளையும், ஒழுங்குபடுத்தச் சொல்லிப் பல வருடம் வாதாடினார். பழைய அச்சுநூல்களை நாளைய பிள்ளைகள் படிக்க முடியாமல் போகும் என்று எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எதிர்த்தவர்கள் வென்றார்கள், விவாதம் ஓய்ந்தது. குவும் சுவும் துவும் அப்படியே இருக்கின்றன. அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தவர்கள், அவற்றைப் பழகப் பிள்ளைக்கு இரண்டு வருடம் அதிகம் கொடுக்கவும் சம்மதிக்கவேண்டும்.