இரை வைத்த வலையும் நம் அடுப்பும்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கருங்கரடி வேட்டைக்குச் செல்வோர், பழைய இனிப்புப் பண்டங்களைப் பீப்பாயில் இட்டுக் காட்டில் வைத்துவிட்டு, மரத்தில் கட்டிய பரணில் காத்திருப்பர். இதைத் தடைசெய்ய வேண்டுமென 2004, 2014 ஆகிய ஆண்டுகளில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இருமுறையும் தடை தோற்றது.

குன்றத்தூரில் வாழும் நமக்கும் கரடிக்கும் என்ன தொடர்பு? அதன் இறைச்சி நமக்கு ஆகுமானதும் அன்று. ஆனால் இரையைக் காட்டி ஏமாற்றும் வேட்டை நம் ஊர்களுக்குப் புதிதல்ல. தானியம் தூவி, பழக்கிய பறவையொன்றைப் 'பார்வை'யாகக் கட்டி, கண்ணியும் வலையும் விரித்துக் கொக்கையும் காட்டுக் காடையையும் பிடிப்பது பழைய வழக்கம். அப்படிப் பிடித்ததை விற்க வருவோரிடம் வாங்கும் நம்மவர், "பிஸ்மில்லாஹ் கூறி அறுத்துத்தானே உண்கிறோம்" என்பர்.

வலையில் சிக்கியதை உயிருடன் முறைப்படி அறுத்தால் ஆகும் என்பதில் ஐயமில்லை. என் கேள்வி வேறு. திருக்குர்ஆன் 7:163 கூறும் கடற்கரை ஊராரை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை மீன்பிடிக்கத் தடை. மீன்களோ அன்றுதான் கண்ணெதிரே திரண்டு வந்தன. வெள்ளியன்றே வலையை வைத்து ஞாயிறன்று எடுத்தார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். சனியன்று கை நனையவில்லை; ஆயினும் அவர்கள் பிடிபட்டார்கள். கத்தியை மட்டும் பார்த்து வலையைப் பாராதிருப்பதும் ஏறத்தாழ அத்தகைய கணக்கே.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வேட்டையைப் பற்றிப் பேசும் 5:1 வசனம், ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் தொடங்குகிறது. நாட்டின் சட்டத்திற்கு உட்பட்டு வாழ ஒப்புக்கொண்ட நமக்கு அது பொருந்தாதா?

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் இரை தேடும் தாய்ப்பறவை வலையில் விழுந்தால், கூட்டிலுள்ள குஞ்சுகள் தாயை இழந்து தவிக்கும். பயணமொன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்தபோது, தாய் படபடத்து வந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பித் தரச் சொன்னார்கள்; அபூதாவூதில் பதிவான செய்தி இது. அங்கே எவரும் பசியால் வாடியதாகக் கூட நாம் வாதாடலாம். நம் வீடுகளில் அந்த வாதத்திற்கும் இடமில்லை. கோழிக்கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது.

இன்னொன்று: இரையில் பூச்சிமருந்து கலந்து பறவையை மயக்கிப் பிடிப்போரும் உண்டு. அந்த நஞ்சு அறுத்த பின்னும் இறைச்சியில் இருக்கும். விற்பவர் அதைச் சொல்லப் போவதில்லை.

காடை உண்ண விரும்புவோர்க்குக் கடைகளில் பண்ணைக் காடை கிடைக்கிறது. அது வளர்ப்புக்கான ஜப்பானிய இனம். அதை வாங்கத் தடையேதுமில்லை.