மலையடிவாரத்தில் ஒரு பகல்

மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடைந்தது முதல், வலப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நம்முடன் கூடவே வருகின்றது. ராஜபாளையம், சேத்தூர், தேவதானம், சிவகிரி என்று ஊர்கள் மாறினாலும் மலை நம்மை விட்டு அகல்வதில்லை. ஆயினும், இவ்வூர்களில் பிறந்து வளர்ந்தவருள் எத்தனை பேர் அம்மலையின் அடிவாரம் வரை நடந்து சென்றிருக்கின்றனர் என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாயிராது. விடுமுறை என்றாலே கொடைக்கானலும் குற்றாலமும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, வீட்டு மாடியில் நின்றாலே தெரியும் மலை நினைவுக்கு வருவதில்லை. அன்பார்ந்த வாசகர்களே, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு பகலேனும் அங்கே சென்று வாருங்கள் என்று சொல்லவே இம்மாதம் எழுத முற்படுகின்றோம். எப்படிச் செல்வது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கின்றது.

செல்வதற்கு இடமா இல்லை? சேத்தூர் மக்களுக்கு அண்மையிலேயே, தேவதானத்திற்கு மேற்கே, சாஸ்தா கோவில் நீர்த்தேக்கம் உள்ளது. ராஜபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவில் அருவியும், அந்நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். முன்னது ஏறத்தாழ 47 அடி, பின்னது ஏறத்தாழ 42 அடி. இந்தப் பெரியாற்றைப் பெயரைக் கண்டு முல்லைப் பெரியாறு என்று மயங்க வேண்டா. அது வேறு, இது வேறு. சிவகிரி மலையில் பிறக்கும் அந்தப் பெரியாறு மேற்கு நோக்கிச் செல்ல, 1895-ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட அணை அதைத் தடுத்து, மலையைக் குடைந்து மதுரைச் சீமைக்குத் திருப்பிவிடுகின்றது. நம் பக்கத்து ஓடைகளோ தாமாகவே கிழக்கே இறங்கிக் கண்மாய்களை நிரப்பி, வைப்பாற்றில் கூடி, மன்னார் வளைகுடாவை அடைகின்றன. நாம் குடிக்கும் நீரும் உண்ணும் சோறும் எங்கிருந்து புறப்படுகின்றன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, அணைக்கரையைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

இம்மலைக்காடுகள் 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. 2021-ஆம் ஆண்டு, மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆயின. தமிழகத்தில் இது ஐந்தாவது. ஓர் அணிலுக்காகவா ஒரு காடு முழுவதையும் ஒதுக்கினார்கள் என்று சிலர் நகைப்பதுண்டு. நம் வீட்டு முற்றத்தில் ஓடும் மூன்று கோட்டு அணிலை நினைத்துக்கொண்டு நகைக்கின்றனர். இதுவோ, வாலையும் சேர்த்தால் இரண்டடிக்கும் மேல் நீளமுள்ளது; ஒன்றரைக் கிலோ அளவுக்கு நிறையுள்ளது. உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. இது தரையில் இறங்க விரும்புவதில்லை. கிளைக்குக் கிளை தாவியே வாழ்நாளைக் கழிக்கின்றது. அண்டை மரத்துக் கிளைகள் வந்து தொடும் உச்சியாகப் பார்த்தே கூடு கட்டுகின்றது, ஆபத்து வந்தால் தாவி ஓடிவிடலாம் அல்லவா! இடையில் நான்கு மரங்களை வெட்டினால் அதன் பாதை அறுந்துபோகும். இறங்கி நடந்தால் நாய்க்கோ வேறு விலங்கிற்கோ இரையாகும். இதைக் காக்க வேண்டுமானால் மரங்களைத் தொடர்ச்சியாகக் காக்க வேண்டும். மரங்கள் நின்றால்தான் மழைநீர் மண்ணில் இறங்கி, மழை நின்ற பின்னும் ஓடையில் கசிந்து வரும். அணிலைக் காண விரும்புவோர் காலையில் சென்று, பேசாமல், தலையை நிமிர்த்தி நிற்கப் பழக வேண்டும். பிள்ளைகளுக்கு இது எளிதாகவே வருகின்றது. பெரியவர்களுக்குத்தான் வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடம் இருப்பது கடினமாயிருக்கின்றது.

இனி, பெற்றோர் சற்று நின்று படிக்க வேண்டிய செய்திக்கு வருகின்றோம்.

2015-ஆம் ஆண்டு மே மாதம், இதே மலைத்தொடரிலுள்ள சதுரகிரிக்குச் சென்ற பக்தர்கள் பலர் ஓடையில் திடீரெனப் பெருகி வந்த வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தனர். மே மாதம் என்பதைக் கவனியுங்கள். நம் பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனி, ஆடியில் மேற்கே கொட்டும் மழையை மலை மறித்துக்கொள்வதால் நமக்குக் காற்றும் தூறலுமே மிஞ்சும். ஆகவே கோடையில் ஓடையில் வெள்ளம் வரும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் கோடை இடிமழை உச்சியில் ஓரிடத்தில் மட்டும் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும். செங்குத்தான பாறைச் சரிவில் நீர் தங்க இடமின்றி, பல சிற்றோடைகளின் நீரும் ஒரே பள்ளத்தில் ஒருங்கே வந்து சேரும். கீழே குளிப்பவர் தலைமேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு துளி மழையும் விழுந்திராது. எனவே, தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்துப் பயனில்லை. மலையுச்சியைப் பார்க்க வேண்டும். அங்கே கருமேகம் கவிந்தாலோ, இடி முழங்கினாலோ, தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, துணிமணிகளை எடுக்க நினையாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அக்கரையில் இருப்போர் இக்கரைக்கு வர முயலலாகாது. அங்கேயே மேடேறி அமர்ந்திருந்தால், உச்சியில் மழை நின்றபின் வெள்ளம் வடிந்துவிடும். பசியோடு சில மணி நேரம் காத்திருப்பதால் ஒருவரும் இறப்பதில்லை.

நீர்த்தேக்கத்தின் அபாயம் வேறு வகையானது. அங்கே நீர் அசைவற்று, கண்மாய்போலத் தோன்றும். ஆனால் நீருக்குள் கரை திடீரென ஆழத்தில் முடியும்; அடியில் சேறும் பள்ளங்களும் இருக்கும்; கற்களில் பாசி படர்ந்திருக்கும். நீந்தத் தெரிந்த இளைஞர் என்பது உறுதியன்று. நண்பர்கள் பார்க்கின்றார்கள் என்பதற்காகக் குதிப்போரும், கைப்பேசியில் படம் எடுக்கப் பாறை விளிம்புக்குப் போவோரும் உளர். இன்னொன்று: ஒருவன் மூழ்கினால் அவனைக் காக்கக் குதிக்கும் உடன்பிறந்தானும் நண்பனும் அவனோடு மூழ்குவது வழக்கமாகிவிட்டது. மூழ்குபவன் பற்றியதை விடமாட்டான். கரையில் நின்றபடியே கயிறு, வேட்டி, சேலை, நீண்ட கம்பு, மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்க் குடுவை ஆகியவற்றுள் கைக்குக் கிடைத்ததை எறிய வேண்டும். இதனை வீட்டிலேயே ஒருமுறை பிள்ளைகளுக்குச் செய்து காட்டுதல் நலம்.

காட்டினுள் நடக்க விரும்புவோர் வனத்துறையின் அனுமதி இன்றிச் செல்லலாகாது. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன்பின், 2024 அக்டோபரில், தமிழக அரசு 40 மலைப்பாதைகளை வழிகாட்டிகளுடன் நடப்பதற்கென ஒழுங்குபடுத்தியுள்ளது. தீ பரவும் கோடை மாதங்களிலும், மழைக்காலத்திலும் வாயில்களை அடைத்துவிடுவதுண்டு. ஆகவே புறப்படுமுன் விசாரித்தறிதல் வேண்டும். அடைத்திருந்தால் காவலரோடு வாதாடாமல் திரும்பிவிடுங்கள். தெரிந்தவர் பெயரைச் சொல்லி உள்ளே நுழைவதைத் திறமையாகக் கருதும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெள்ளத்திற்கும் தீக்கும் அந்தப் பெயர் தெரியாது.

உணவைப் பற்றி ஒரு சொல். லாரியில் அண்டாவும் விறகும் ஏற்றிச் சென்று, ஓடைக்கரையில் பிரியாணி சமைத்து, ஒலிபெருக்கியும் வைத்துவிட்டுப் பின் "ஒரு மிருகத்தையும் காணோம்" என்று குறைப்படுவோரை என்ன சொல்வது? புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு போனால் போதாதா? கொண்டு சென்ற பையிலேயே குப்பையைத் திரும்பக் கொண்டுவரலாம். உப்பும் சுவையும் ஒட்டிய பாலித்தீன் பைகளை மானும் யானையும் தின்று துன்புறுகின்றன. உடைந்த புட்டித் துண்டுகள் யானையின் பாதத்தையும் கிழிக்கும்.

யானை என்றதும் மற்றொன்று. அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் காட்டை ஒட்டியே உள்ளன. மாம்பழக் காலத்தில் யானைகள் தோப்புகளுக்குள் இறங்குகின்றன. பெரும்பாலும் அந்தி சாய்ந்தபின் வருகின்றன. தோப்புக் காவலரிடம் கேட்டால், முந்தின இரவு எந்தப் பக்கம் வந்து போயின என்று சொல்வார். அவர் வேண்டாம் என்று காட்டும் திசையில் நடக்காதீர்கள். காலை 7 மணிக்குப் புறப்பட்டு, பிற்பகல் 3 மணிக்கெல்லாம் நீரையும் காட்டையும் விட்டு வெளியேறி, வெளிச்சம் இருக்கும்போதே பேருந்துச் சாலையை அடைந்துவிடுதல் நல்லது.