தாங்கிப் பிடிப்பதும் சிகிச்சைதான்



“வாராவாரம் கவுன்சலிங் போறேன். தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. கொஞ்சம் பேசறாங்க. இதுக்குப் பேர் சிகிச்சையா?” மனநல மருத்துவமனைக்குப் போய்வரும் பலருக்கும் உள்ளூர இருக்கும் சந்தேகம் இது.

சிகிச்சைதான். ஆதரவு சிகிச்சை என்பார்கள். பழைய காயத்தின் வேர்வரை தோண்டிப் பார்க்கும் முறைகள் உண்டு. இது அப்படியல்ல. நொந்துபோனவரை இப்போது இருக்கும் நிலையிலேயே தாங்கிப் பிடித்து, அவரிடம் மிச்சமிருக்கும் தெம்பை வளர்ப்பது.

இதை நெடுங்காலம் இரண்டாந்தரமாகவே வைத்திருந்தார்கள். 1918-ல் புடாபெஸ்டில் பேசிய உளப்பகுப்பாய்வின் தந்தை ஃபிராய்டு, ஆழ்மனதை அலசும் தன் முறையைத் தங்கம் என்றார். ஏழை எளியவர்களுக்கும் சிகிச்சை போய்ச் சேரும் காலத்தில் அதோடு வேறு முறைகளின் செம்பையும் கலக்க வேண்டிவரும் என்றார். அந்தத் தரவரிசையை அசைத்தது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மெனிங்கர் மனநல நிறுவனம் 1954-ல் தொடங்கிய ஆய்வு. 42 நோயாளிகள். அவர்களில் சிலரை முப்பது ஆண்டுவரை விடாமல் கவனித்தார்கள். 1986-ல் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த ராபர்ட் வாலர்ஸ்டைன் அதை நூலாக எழுதினார். அதில் தெரிந்தது இதுதான்: ஆழ்மனதை அலசுவதற்கென்றே தொடங்கிய சிகிச்சைகளிலும் ஆதரவின் பங்கு எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆதரவால் வந்த மாற்றமும் அலசலால் வந்த மாற்றத்துக்குக் குறையாமல் நிலைத்தது. 42 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் ஒரு மனிதரை அத்தனை காலம் பின்தொடர்ந்து சொன்ன முடிவுக்கு ஒரு கனம் உண்டு.

வெறும் ஆறுதலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். “எல்லாம் சரியாயிடும்” என்று நாம் சொல்லிவிடுவோம். தேர்ந்த சிகிச்சையாளர் சொல்லமாட்டார். “ஏன் அப்படிச் செஞ்சீங்க?” என்றும் சட்டென்று கேட்கமாட்டார், குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும். பாராட்டினால் உண்மையைச் சொல்லித்தான் பாராட்டுவார்: “மூணு நாளா படுக்கையை விட்டு எழுந்திருக்காதவங்க, இன்னிக்கு குளிச்சு, பஸ் ஏறி வந்திருக்கீங்க.” அடுத்த வாரம் வீட்டில் கல்யாணம் என்றால், “ஏன் இப்படி இளைச்சுட்டே?” என்று சித்தி கேட்கும்போது என்ன பதில் சொல்வது, கூட்டம் தாங்கவில்லையென்றால் எந்த அறையில் போய் உட்காருவது என்று முன்கூட்டியே பேசிப் பழக்குவார். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்வார். மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு போன்றவற்றில் மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு சேர்ந்துதான் இது நடக்கிறது. உடைந்து நிற்கும் ஒருவரிடம் பழையதைக் கிளறுவது சில வேளைகளில் கெடுதலாகவே முடியும். எப்போது தோண்டக்கூடாது என்று தெரிந்திருப்பதும் பெரிய திறமை என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே, சிகிச்சையில் இருப்பவர்களே, “பேச்சுதானே” என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களே, “பேசறதுக்கா இவ்வளவு காசு?” என்று குத்திக்காட்டாதீர்கள், முடிந்தால் கூடவே துணைக்குப் போய்வாருங்கள். இதுவரை யாரிடமும் வாய் திறக்காதவர்கள் இந்தியாவில் எங்கிருந்தும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்